சுவரை வெட்டினோம், தண்ணீரைக் காத்தோம்!



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். காதல் கவிதை எழுத எனக்கு வராது. அரசியல் எழுத அனுபவம் போதாது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். தண்ணீர் நிற்கும் ஒரு தொட்டியின் சுவரை வெட்டி ஓட்டை போட்டோம். அந்த ஓட்டையால்தான் ஒரு கோடை முழுவதும் தண்ணீர் மிச்சமானது. ஓட்டை போட்டால் தண்ணீர் போகுமே, மிச்சமாகுமா என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாடம்பாக்கத்தில், தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தெருவில், மாஸ்டர் ஒருவர் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறார். பள்ளம் தோண்டி, டைல்ஸ் ஒட்டிக் கட்டிய பெரிய குளம் இல்லை. தரை மேலேயே நிற்கும் வட்டத் தொட்டி. 15 அடி விட்டம், 4 அடி உயரம். சுற்றிலும் இரும்புத் தகடு, உள்ளே நீல நிற பி.வி.சி. விரிப்பு. அதை லைனர் என்பார்கள். தண்ணீரைப் பிடித்து வைப்பது லைனர். லைனரைப் பிடித்து வைப்பது தகடு. அதில் மூன்றரை அடித் தண்ணீர் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 17,500 லிட்டர் வரும். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை லாரி.

போன வருஷம் அவரிடம் ஃபில்டர் கிடையாது. முப்பது பிள்ளைகள் இறங்கினால் தண்ணீர் என்ன ஆகும்? முதலில் வேப்பிலை. பிறகு வேப்பம்பூ. பூச்சி, தூசி, தலைமுடி. எல்லாவற்றையும் விடத் தேங்காய் எண்ணெய்! நம் வீட்டில் எந்த அம்மாதான் பிள்ளைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே அனுப்புவார்கள்? இரண்டு நாளில் தண்ணீர் மேல் பளபளவென்று ஒரு படலம் மிதக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் பாதி சக்தி அந்த எண்ணெயையும் குப்பையையும் எதிர்ப்பதிலேயே போய்விடும். பத்து நாளுக்கு ஒரு தரம் மொத்தத் தண்ணீரையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவார். ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் ஆறு தரம். 1,05,000 லிட்டர்!

அந்தத் தண்ணீர் தெருவில் ஓடியபோது, அதே தெருவில் பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். சும்மா இருப்பார்களா? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் நகரங்களுக்கு அரசு திட்டமிடும் அளவு. அந்தக் கணக்கில் நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 540 லிட்டர். மாஸ்டர் இரண்டு மாதத்தில் வடித்த தண்ணீர் ஒரு குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்கும் மேல் வரும். 2019-ம் வருஷக் கோடை நினைவிருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்த ஊர் நம் ஊர். "இன்னொரு தரம் ரோட்டுல தண்ணி வந்துச்சுன்னா மாநகராட்சிக்கு எழுதிடுவோம்" என்று தெருக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். (மாடம்பாக்கம் பேரூராட்சி 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.) அவர்கள் கேட்டது நியாயம்.

ஆனால் மாஸ்டர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. நம் பக்கத்தில் ஏரிக்கும் கிணற்றுக்கும் கல் குட்டைக்கும் பஞ்சமில்லை. கல் உடைத்துவிட்டு மூடாமல் போன பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. லீவு விட்டால் பையன்கள் அங்கேதான் போவார்கள். மே மாதப் பேப்பரில் அந்தச் செய்தி வராத வருஷம் உண்டா? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் குழந்தைகளும் இளைஞர்களும்தான் அதிகம். ஏழைப் பிள்ளை குறைந்த பணத்தில் நீச்சல் பழக ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தை மூடச் சொல்வதும் சரியில்லை, தண்ணீரை வடித்துக்கொண்டே இருப்பதும் சரியில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும் அல்லவா? அந்த வழியின் பெயர்தான் ஸ்கிம்மர்.

ஸ்கிம்மர் என்றால் என்ன?

பால் காய்ச்சி ஆற வைத்தால் மேலே ஏடு படியும். அதைக் கரண்டியால் வழித்து எடுக்கிறோமே, அதுதான் ஸ்கிம் செய்வது. வெல்லம் காய்ச்சும் இடத்தில் கொதிக்கும் கரும்புச் சாற்றின் மேல் வரும் அழுக்கு நுரையை அள்ளி எறிவார்கள். அதுவும் அதே வேலைதான். நீச்சல் தொட்டியில் விழும் குப்பையில் பெரும்பாலானது முதலில் மிதக்கும். மிதக்கும்போதே எடுத்துவிட்டால் சுலபம். ஊறி அடியில் இறங்கி அழுகிவிட்டால் கஷ்டம். கையில் வலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க யார் நிற்பது? அதனால் சுவரிலேயே ஒரு வாய் வெட்டி, வெளிப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பெட்டி பொருத்துகிறோம். மோட்டார் அந்தப் பெட்டி வழியாகத் தண்ணீரை இழுக்கும். மேல்மட்டத் தண்ணீர் குப்பையோடு வாய்க்குள் போகும். பெட்டிக்குள் இருக்கும் கூடையில் இலை, முடி தங்கும். மீதித் தண்ணீர் மணல் ஃபில்டருக்குப் போய்ச் சுத்தமாகி, ரிட்டர்ன் குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பி வரும்.

வாயில் ஒரு சின்னக் கதவு உண்டு. அடியில் கீல் வைத்து, மேல் விளிம்பு மிதக்கிற மாதிரி இருக்கும். மோட்டார் ஓடும்போது கதவு உள்பக்கம் சாயும். அதன் தலைக்கு மேலே மெல்லிய ஏடு மாதிரி தண்ணீர் வேகமாக வழிந்து போகும். கதவு இல்லாவிட்டால் ஆழத்துத் தண்ணீரும் சேர்ந்து மெதுவாகப் போகும். மேலே இருக்கும் படலம் அசையாது. மோட்டார் நின்றதும் கதவு நிமிர்ந்து வாயை அடைத்துக்கொள்ளும், பிடித்த குப்பை திரும்பி வெளியே வராது. கரண்ட் இல்லை, ஸ்பிரிங் இல்லை, மிதப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை. பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இதைப் பார்த்ததும் நம் ஏரிக் கலங்கல்தான் நினைவுக்கு வந்தது. ஏரிக்கரையில் ஒரு இடத்தில் மட்டும் கரையை விட உயரம் குறைத்துக் கல் கட்டி வைப்பார்கள். ஏரி நிரம்பினால் மேல்மட்டத் தண்ணீர் அதன் வழியே வழிந்து போகும், கரை உடையாது. கலங்கல் உயரம் கூடினால் கரைக்கு ஆபத்து. குறைந்தால் விவசாயத்துக்குத் தண்ணீர் நிற்காது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளிலேயே ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்று தனியாக ஒரு குழு இருந்தது தெரிகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் இது: சுவர் கட்டுவது பாதி வேலை, சுவரில் எந்த உயரத்தில் வழி விடுவது என்பதுதான் மீதி வேலை. கலங்கலில் போன தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், ஸ்கிம்மரில் போன தண்ணீர் அதே தொட்டிக்குத் திரும்பும். வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கே வெட்டுவது?

என் மாமா பிளம்பர். அஞ்சாவது வரைக்கும் படித்தவர், இருபது வருஷத்துக்கு மேல் இதே தொழில். மாஸ்டர் பழைய மோட்டாரும் மணல் ஃபில்டரும் வாங்கி வைத்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டார். மார்ச் மாதக் கடைசி சனி, ஞாயிறு. எனக்கும் கிளாஸ் இல்லை, நானும் கூடப் போனேன். சீசனுக்காகத் தொட்டி அப்போதுதான் நிரப்பியிருந்தது.

மாஸ்டர் கேட் பக்கத்துச் சுவரைக் காட்டினார். "இங்க வெச்சிடுங்க, பிளக் பாயின்ட் பக்கத்துல இருக்கு."

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "மாஸ்டர், நீங்க சொல்ற எடம் மோட்டாருக்கு வசதி. அழுக்குக்கு வசதி கெடையாது. அழுக்கு எங்க ஒதுங்குதுன்னு தண்ணியவே கேட்டுடலாம்."

என்னை அனுப்பிக் கடையில் ஒரு பாக்கெட் பொரி வாங்கி வரச் சொன்னார். சாயந்திரம் நாலு மணிக்குத் தண்ணீர் மேல் ஒரு கை பொரியைத் தூவினார். கிழக்கே கடல். கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் பொரி முழுவதும் மேற்குச் சுவரோரம் போய் ஒதுங்கி நின்றது. "பார்த்தியா மாப்ள, பாதி வேலைய காத்தே செய்யுது. நாம எதுக்கு மோட்டாருக்கு வேலை குடுக்கணும்?" அவ்வளவுதான், இடம் முடிவாகிவிட்டது. ரிட்டர்ன் குழாயையும், வெளியே வரும் தண்ணீர் தொட்டியைச் சுற்றிச் சுழன்று ஸ்கிம்மர் பக்கம் குப்பையைத் தள்ளுகிற மாதிரி வைக்க முடிவு செய்தோம்.

அடுத்தது உயரம். தண்ணீர் மட்டம் எப்போதும் ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்தில் இருக்க வேண்டும். வாய் 6 அங்குல உயரம். பாதிக்கு மேலே 3 அங்குலம், கீழே 3 அங்குலம். நம் ஊர் கோடையில் வெயிலுக்கே நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகும். மட்டம் வாய்க்குக் கீழே போனால் மோட்டார் காற்றை இழுத்துச் சூடாகிவிடும். பெருமழையில் மட்டம் வாய்க்கு மேலே ஏறினால் மேல் அழுக்கு உள்ளே போகாது. அதனால்தான் நடு. எங்கள் தொட்டியில் தரையிலிருந்து 42 அங்குலத்தில் தண்ணீர் நிற்கிறது. ஆக வாய் 39-ல் தொடங்கி 45-ல் முடிய வேண்டும். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டோம். அது போதாதென்று கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலையும் வாங்கி வந்து, தொட்டியின் நாலு பக்கமும் மட்டம் ஒன்றுதானா என்று பார்த்தார் மாமா. தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சுவரை அளந்து பிரயோஜனம் இல்லை, தண்ணீர் மட்டத்தைத்தான் அளக்க வேண்டும்.

தகடு தாங்குமா?

வெட்டுவதற்கு முன்னால் மாஸ்டருக்குப் பயம் வந்துவிட்டது. "இவ்ளோ தண்ணி நிக்குற சுவரு. வெட்டினா பொளந்துக்காதா?" வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. தகடு போனால் தொட்டியே போச்சு, சீசனும் போச்சு.

நம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் மெல்லிய உருளை என்று ஒரு பகுதி வருமே, எத்தனை பேர் அதைப் பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் செய்தோம்! அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தகட்டின் கனத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுத்தால் தகட்டில் ஏறும் இழுவிசை கிடைக்கும். தகடு 1 மி.மீ. கனம். தொட்டியின் அடியில், அதாவது 42 அங்குல ஆழத்தில், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 24 நியூட்டன் வருகிறது. ஸ்கிம்மர் வாயின் கீழ் விளிம்பு தண்ணீருக்குள் 3 அங்குலம்தான். அங்கே 1.7 நியூட்டன். பதினாலில் ஒரு பங்கு! சாதாரண இரும்பு 250 நியூட்டன் வரை வளையாமல் தாங்கும். தட்டையான தகட்டில் வட்ட ஓட்டை போட்டால் அதன் ஓரத்தில் இழுவிசை மூன்று மடங்காகும் என்று படித்திருக்கிறோம். மூன்று மடங்கு வைத்துப் பார்த்தாலும் இங்கே 5-ஐத்தான் தொடும். ஒரு நோட்டில் போட்டு மாஸ்டரிடம் காட்டினேன்.

மாமா நோட்டை வாங்கிப் பார்த்தார். "இதத்தான்டா நானும் சொல்றேன். கீழ வெட்டினா புடுங்கிடும், மேல வெட்டினா ஒண்ணும் ஆவாது. நீ நம்பர் போட்டுச் சொல்ற." எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்தது நான்தான் முதல். நான் படிப்பது என்ன படிப்பு என்று வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. அன்றைக்கு மாமாவுக்கு விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. நான் படித்ததும் அவர் பழகியதும் ஒன்று என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். வாய் நீள்சதுரம். மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். 1954-ல் இங்கிலாந்தின் கொமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றும், நடுவானில் உடைந்து விழுந்தன. ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமான உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே மறுபடி மறுபடி அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். உடலில் வெட்டியிருந்த ஒரு திறப்பின் மூலையருகே உலோகம் களைத்து விரிசல் விட்டது தெரிந்தது. விமானத்துக்கே அந்தக் கதி! அதனால் நாங்கள் முதலில் நாலு மூலையிலும் வட்டமாகத் துளை போட்டு, பிறகுதான் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு நேர்கோட்டில் வெட்டினோம்.

வேலை நடந்த விதம்

முழுத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும் என்றுதான் மாஸ்டர் நினைத்திருந்தார். மாமா, "ஒன்பது அங்குலம் எறக்கினா போதும்" என்றார். 42-லிருந்து 33. கிட்டத்தட்ட 3,750 லிட்டர். அதையும் தெருவில் விடவில்லை. 2,000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் இரண்டை வாடகைக்கு எடுத்து அதில் ஏற்றி வைத்தோம். அடியில் தண்ணீர் நிற்பதால் லைனர் இடம் மாறாமல் இழுத்துப் பிடித்திருந்தது. வெட்டும் இடத்தில் தண்ணீரே இல்லாததால் தகட்டில் இழுப்பும் கிட்டத்தட்ட இல்லை. ஒரே ஏற்பாட்டில் மூன்று லாபம்!

அந்தப் பக்கம் மட்டும் லைனரின் மேல் விளிம்பைக் கழற்றி உள்பக்கம் மடக்கினோம். இரும்புத் தூள் விழுந்து லைனரைக் கிழிக்காமல் இருக்கப் பழைய போர்வையை விரித்தோம். தண்ணீர்ப் பக்கத்தில் கரண்ட் மெஷின் வேண்டாம் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாட்டரி டிரில்லும், தகடு வெட்டும் கத்தரியும், அரமும்தான். வெட்டி முடித்ததும் விளிம்பு முழுவதையும் விரல் வைத்தால் கீறாத அளவுக்கு அரத்தால் தேய்த்தேன். தகடு வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய் இரும்பு தெரியும், துரு அங்கேதான் ஏறும். அதற்கு ஜிங்க் பெயின்ட் இரண்டு கை அடித்தோம். காய்வதற்கு ராத்திரி முழுக்க விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை லைனரை மறுபடி மேலே ஏற்றி மாட்டினோம். இப்போது சுவரில் ஓட்டை இருக்கிறது, ஆனால் லைனர் அதை மூடிக்கொண்டிருக்கிறது. இங்கேதான் வரிசை முக்கியம். வெளியிலிருந்து உள்ளே சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்கிம்மர் பெட்டி, ஒரு ரப்பர் கேஸ்கெட், இரும்புத் தகடு, லைனர், இன்னொரு கேஸ்கெட், கடைசியில் உள்பக்கம் முகத்தகடு. உள்ளேயிருந்து ஸ்க்ரூ போட்டு எல்லாவற்றையும் சேர்த்து முறுக்க வேண்டும். லைனரை முதலில் வெட்டவே கூடாது! இழுவையில் நிற்கும் லைனரை முன்னதாக வெட்டினால் அது சுருங்கி விலகிவிடும், பிறகு எந்த கேஸ்கெட்டாலும் பிடிக்க முடியாது. கூரான ஊசியால் ஸ்க்ரூ வரும் இடத்தில் மட்டும் குத்தி, முதலில் இரண்டு பக்க நடு ஸ்க்ரூக்களை மாட்டினோம். பிறகு எதிரெதிராக மற்றவை. வண்டிச் சக்கரத்தின் நட்டுகளை மெக்கானிக் எதிரெதிராக முறுக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே காரணம்தான். ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டே போனால் கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தூக்கும். டிரில்லில் பிட் மாட்டி முறுக்கவும் கூடாது, பிளாஸ்டிக் மரை அறுந்துவிடும். கைத் திருப்புளிதான்.

எல்லா ஸ்க்ரூவும் இறுகிய பிறகு மாமா கத்தியை எடுத்தார். முகத்தகட்டின் உள்விளிம்பை ஒட்டி லைனரை ஒரே சீராக வெட்டி எடுத்தார். நீல நிறத்தில் ஒரு நீள்சதுரத் துண்டு கையோடு வந்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்!

பெட்டியின் அடியில் டெஃப்லான் டேப் சுற்றி ஹோஸ் முனையை ஏற்றி, கிளாம்ப் போட்டு மோட்டாருக்கு இணைத்தோம். ரிட்டர்ன் குழாய்க்கும் இதே வரிசையில் சின்ன வட்ட ஓட்டை. டேங்கில் இருந்த தண்ணீரைத் திருப்பி விட்டோம். மட்டம் வாயின் கீழ் விளிம்பைத் தொட்டது, தாண்டியது. கீழ் வரிசையில் ஒரு ஸ்க்ரூ பக்கத்தில் முத்து மாதிரி ஒரு துளி தெரிந்தது. மாமா திருப்புளியால் கால் சுற்று முறுக்கினார். துடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். திரும்ப வரவில்லை. கேஸ்கெட் தண்ணீர் பட்டதும் உட்காரும், அதனால் முதல் நாளே கடைசி வரைக்கும் முறுக்காமல் கொஞ்சம் கை வைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் சொன்னார்.

மோட்டார் ஓடியது. சின்னக் கதவு உள்ளே சாய்ந்தது. நேற்று தூவியதில் மீதமிருந்த பொரி வரிசையாகக் கிளம்பி வாய்க்குள் போனதைப் பார்த்து மாஸ்டரின் சின்ன மகள் கைதட்டினாள்.

கரண்ட் விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மோட்டாரைத் தொட்டியிலிருந்து நன்றாகத் தள்ளி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில், மேடை கட்டி வைத்தோம். எர்த் வயர் சரியாக இருக்கிறதா என்று சோதித்தோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் பிரேக்கர் போட்ட பிறகுதான் சுவிட்சைத் தொட்டார் மாமா. தண்ணீர் இழுக்கும் எந்த வாயையும் மூடி இல்லாமல் விடக் கூடாது. பிள்ளைகளின் முடியும் விரலும் மாட்டும். வகுப்பு முடிந்ததும் ஏணியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட வேண்டும். நீச்சல் சொல்லித் தரும் தொட்டியே ஆபத்தாகிவிடக் கூடாது அல்லவா?

கணக்கு என்ன சொல்கிறது?

இந்த வருஷம் ஏப்ரல், மே முழுவதும் அதே தண்ணீர்தான். ஆவியாகிப் போவதற்கு நாளுக்குச் சுமார் 100 லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. மணல் ஃபில்டரில் சேரும் அழுக்கை வாரம் ஒரு தரம் எதிர்ப்பக்கம் தண்ணீர் விட்டுக் கழுவ 300 லிட்டர். முதலில் நிரப்பிய 17,500, ஆவிக்கு 6,000, கழுவ 2,400. மொத்தம் 26,000 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. போன வருஷம் 1,05,000. கால் பங்குதான்! கழுவிய தண்ணீரையும் ஒரு தொட்டியில் பிடித்து, குளோரின் அடங்கிய பிறகு தென்னைக்கு விடுகிறார் மாஸ்டர். தினமும் குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். வரைக்கும், பி.எச். 7.2 முதல் 7.8 வரைக்கும் இருக்கிறதா என்று சோதனை டப்பாவில் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறார். தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். புகார் எழுதுவதாகச் சொன்ன அக்காவே ஜூன் மாதத்துக்குள் தன் பையனைச் சேர்த்துவிட்டார்.

ஸ்கிம்மர் எல்லாவற்றையும் செய்துவிடாது. அடியில் இறங்கிய மண்ணை அது எடுக்காது, அதற்கு வேறு பிரஷ் வேண்டும். எண்ணெயோடு வரும் பிள்ளைகளை முதலில் குளித்துவிட்டு இறங்கச் சொல்ல வேண்டும். கூடையைத் தினமும் காலி செய்யாவிட்டால் மோட்டார் மூச்சு திணறும். எந்த இயந்திரமும் மனிதன் பார்த்துக்கொண்டால்தான் வேலை செய்யும்.

நண்பர்களே, நாம் படிக்கும் பட்டயப் படிப்பைப் பற்றி வெளியில் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். என்ஜினியரும் இல்லை, மேஸ்திரியும் இல்லை, நடுவில் நிற்கிறவர்கள் என்பார்கள். நடுவில் நிற்பது குறை இல்லை என்பதுதான் என் எண்ணம். நோட்டில் இருக்கும் சூத்திரம் கைத் திருப்புளிக்குப் புரிகிற மாதிரி சொல்லவும், திருப்புளி பிடித்த கை சொல்வதை நோட்டில் ஏற்றவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான். உங்கள் வீட்டிலும் ஒரு மாமாவோ, சித்தப்பாவோ, அப்பாவோ பிளம்பராக, வெல்டராக, கொத்தனாராக, லேத் மெக்கானிக்காக இருப்பார். அடுத்த லீவில் ஒரு வாரம் அவர் பின்னால் போங்கள். அவர் ஏன் இந்த இடத்தில் வெட்டுகிறார், ஏன் அந்த ஸ்க்ரூவை முதலில் போடுகிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் நம் பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். கட்டாயம் இருக்கும்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் தெருவில் எங்காவது தண்ணீர் வீணாக ஓடினால் சண்டை மட்டும் போடாதீர்கள். அங்கே என்ன பொருத்தினால் அது நிற்கும் என்றும் யோசியுங்கள். அதற்குத்தானே மூன்று வருஷம் படிக்கிறோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் பட்டயப் பிரிவு